ஏமாற்றம் தந்த லாரிகள்: ஓட்டுநர்களின் நினைவுகளை ஒட்டி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கம் எந்த வண்டிகளைப் பற்றியது?

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரத்து லாரி ஓட்டுநர்களிடம், தாங்கள் ஓட்டியதிலேயே மிகவும் ஏமாற்றம் தந்த வண்டி எது என்று கேட்டால் கிடைக்கும் பதில்களை வைத்து எழுதப்பட்டது இது. நானும் அந்த வட்டாரத்தில் நெடுந்தூர லாரி ஓட்டியவன். ஆகவே மற்றவர்கள் சொன்னவற்றோடு என் அனுபவமும் இதில் கலந்திருக்கும். ஆறு சக்கர வண்டியில் கிளீனராக ஏறித் தொழில் பழகிய மூத்தவர்கள் முதல் இன்று பி.எஸ். 6 (புதிய புகைக் கட்டுப்பாட்டு விதி) டிரெய்லரில் ஓடிக்கொண்டிருக்கும் இளைஞர்கள் வரை இதில் பேசுகிறார்கள்.

குறை சொல்லப்பட்ட வண்டிகளின் நிறுவனப் பெயர்களை இங்கே தரவில்லை. சமவெளியில் சிமெண்ட் மூட்டை ஏற்றி ஒருவரிடம் பல ஆண்டுகள் பழுதில்லாமல் ஓடிய அதே வகை வண்டி, மலைப்பாதையில் மரம் ஏற்றிய இன்னொருவருக்குச் சில மாதங்களிலேயே வெறுத்துப்போயிருக்கும். எந்த வேலைக்கு அந்த வண்டியை வாங்கினார்கள் என்பதையும், வாங்கும்போது அதில் உட்காரப் போகிறவரை ஒரு வார்த்தை கேட்டார்களா என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்தக் குறை விளங்கும்.

அடிக்கடி பழுதாகி நின்ற வண்டியைத்தானே எல்லோரும் குறை சொல்வார்கள்?

வெளியிலிருந்து பார்ப்பவர்கள் அப்படித்தான் நினைக்கிறார்கள். கிளட்ச் பிளேட் தேய்ந்து நெல்லூருக்கு அப்பால் ஓர் இரவு முழுக்க நின்ற கதையை எந்த ஓட்டுநரும் சொல்வார். ஆனால் அதைச் சொல்லும்போது அவர் குரலில் கசப்பு இருக்காது. பழுது வரும், மெக்கானிக் வருவார், வண்டி கிளம்பும், அத்தோடு அது முடிந்துவிடும். ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு மணி நேரமும் பொறுத்துக்கொள்ள வேண்டியிருந்த குறைதான் மனத்தில் தங்குகிறது. காலடியில் கொதித்த கேபின், லோடு ஏற்றினால் மேட்டில் மூச்சு வாங்கிய இன்ஜின், தோளைத் தின்ற ஸ்டீயரிங், நம்பி மிதிக்க முடியாத பிரேக் ஆகியவை வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே ஏமாற்றம் தருபவை. காகிதத்தில் அந்த வண்டிக்கு எந்தப் பழுதும் இருந்திருக்காது.

வண்டியின் பெயரில் உள்ள எண்ணைப் பார்த்தே அது இழுக்குமா இழுக்காதா என்று சொல்ல முடியுமா?

பெருமளவு முடியும். டாடா, அசோக் லேலண்ட் ஆகிய இரு நிறுவனங்களின் பல மாடல்களுக்கும் நான்கு இலக்க எண் பெயராக இருக்கும். முதல் இரண்டு இலக்கங்கள் லோடோடு சேர்த்து வண்டியின் மொத்த எடையை ஏறத்தாழ டன் கணக்கில் காட்டும். கடைசி இரண்டு இலக்கங்களைப் பத்தால் பெருக்கினால் இன்ஜினின் குதிரைத்திறன் ஏறத்தாழக் கிடைக்கும். 1613 என்றால் 16 டன், 130 குதிரைத்திறன். 2518 என்றால் 25 டன், 180 குதிரைத்திறன்.

இனி ஒரு டன்னுக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்க்கலாம். 1613 வகையில் டன்னுக்கு 8 குதிரைத்திறன் கிடைக்கிறது. 2518 வகையில் 7க்குச் சற்று மேல். பன்னிரண்டு சக்கர 3118 வந்தபோது அது 6க்கும் கீழே இறங்கியது. 4018 என்று எண்ணிட்ட டிரெய்லர் இழுவை வண்டியில் நான்கரைதான். ஐரோப்பாவில் 40 டன் இழுக்கும் வண்டிகளுக்கு 400 குதிரைத்திறனுக்கு மேல் கொடுப்பது வழக்கம் என்பதை இதனோடு ஒப்பிட்டால், நம் ஓட்டுநர்கள் எதைச் சமாளித்தார்கள் என்பது புரியும்.

ஆறு சக்கர வண்டியிலிருந்து பத்து சக்கரத்துக்கும், அதிலிருந்து நம் ஊரில் டாரஸ் என்றே பொதுவாக அழைக்கப்படும் பெரிய வண்டிகளுக்கும் மாறியவர்களில் பலர் முதல் நாளிலேயே ஏமாந்தார்கள். புதிய வண்டி, பெரிய வண்டி, ஆகவே பழையதைவிட நன்றாக இழுக்கும் என்றுதான் அவர்கள் நினைத்திருந்தார்கள். ஓனருக்குக் கூடுதல் டன் கிடைத்தது, ஆனால் அந்தக் கூடுதல் டன்னை மேட்டில் ஏற்றும் வலு இன்ஜினில் அதே அளவுக்குக் கூடவில்லை. சத்தியமங்கலத்திலிருந்து மைசூர் போகும் வழியில் திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. அங்கே முதல் கியரில், ஆள் நடக்கும் வேகத்தில், பின்னால் பேருந்துகளும் கார்களும் ஹாரன் அடித்துக்கொண்டே வர, வளைவின் நடுவில் இன்ஜின் அணைந்துவிடுமோ என்ற பயத்தோடு ஏறியவர்கள் அந்த வண்டியின் பெயரைக் கேட்டாலே முகத்தைச் சுளிப்பார்கள்.

2018 ஜூலையில் ஆக்ஸில் (சக்கர அச்சு) ஒன்றுக்கு அனுமதிக்கப்படும் எடையை மத்திய அரசு உயர்த்தியது. அதன் பிறகு வந்த 55 டன் டிரெய்லர்களில் 300 குதிரைத்திறன் இன்ஜினும் கிடைக்கிறது. கணக்குப் போட்டால் டன்னுக்கு ஐந்தரை ஆகிறது. 4018ஐ விட இது நல்ல நிலைதான் என்றாலும் பழைய ஆறு சக்கர 1613இன் அளவை இன்னும் எட்டவில்லை.

பவர் ஸ்டீயரிங் இல்லாத காலத்து வண்டிகளைப் பற்றி மூத்தவர்கள் என்ன சொல்கிறார்கள்?

அந்த வண்டிகளை அவர்கள் பெருமையோடும் வலியோடும் நினைவுகூர்கிறார்கள். ஸ்டீயரிங் பெரிய வட்டமாக இருக்கும். லோடு ஏற்றிய நிலையில், மண்டி வாசலில் வண்டியைத் திருப்ப வேண்டுமென்றால் இருக்கையை விட்டு எழுந்து, உடல் எடை முழுவதையும் போட்டுத்தான் இழுக்க வேண்டும். முன் சக்கரம் குழியில் இறங்கினால் ஸ்டீயரிங் வெட்டித் திரும்பும். கட்டை விரலை வட்டத்துக்கு உள்ளே வைத்துப் பிடித்திருந்தால் விரல் பிசகிவிடும் என்பதால், விரலை வெளிவிளிம்பில் வைத்துப் பிடிக்கத்தான் ஒவ்வொரு கிளீனருக்கும் முதலில் சொல்லிக்கொடுப்பார்கள். அந்தப் பழக்கம் இன்றும் பல மூத்த ஓட்டுநர்களின் கைகளில் இருக்கிறது. பவர் ஸ்டீயரிங் வண்டியிலும் அவர்கள் விரலை மடக்குவதில்லை.

கியரிலும் அதே கதைதான். ஒவ்வொரு மாற்றத்துக்கும் டபுள் கிளட்ச் (கிளட்சை இரண்டு முறை மிதிப்பது) போட வேண்டிய கியர் பாக்ஸில், ஏற்றத்தில் ஒரு கியர் தவறினால் வண்டி அங்கேயே நின்றுவிடும். பின்னோக்கி உருளுமுன் கிளீனர் கட்டையோடு குதித்துப் பின் சக்கரத்துக்கு அடியில் வைக்க வேண்டும். அந்தக் கட்டை வைக்கும் வேலையில் கையை இழந்தவர்களும் உண்டு. ஆகவே, அக்காலத்து வண்டிகள் இரும்பு போல உறுதியானவை என்று ஏக்கத்தோடு எழுதப்படுவதைப் படிக்கும்போது எனக்கு முழு உடன்பாடு ஏற்படுவதில்லை. உறுதி இருந்தது உண்மை. அந்த உறுதிக்கான விலையை ஓட்டுநரும் கிளீனரும் தங்கள் உடலால் கொடுத்தார்கள்.

கேபினைப் பற்றி ஏன் இவ்வளவு குறை?

ஓட்டுநருக்கு அதுதான் வேலை செய்யும் இடம், சாப்பிடும் இடம், தூங்கும் இடம். கல்கத்தா லோடு என்றால் ஒரு வாரத்துக்கும் மேல் அதற்குள்தான் வாழ்க்கை. மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961இலேயே நாளொன்றுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வேலை நேரத்துக்கு வரம்பு வைத்தது. அந்த வரம்புக்குள் நெடுந்தூர லாரி ஓடி நான் பார்த்ததில்லை. அத்தனை நேரம் உட்காரும் இடத்தில் ஒரு சிறு குறையும் பெருங்குறையாகிவிடும்.

நீண்ட காலம் நம் நாட்டில் லாரியைச் சேஸாகத்தான் விற்றார்கள். இன்ஜின், சக்கரம், முன் முகப்பு ஆகியவற்றோடு தொழிற்சாலை வேலை முடிந்துவிடும். ஜாம்ஷெட்பூரிலிருந்தோ எண்ணூரிலிருந்தோ அந்தச் சேஸை ஓட்டிக்கொண்டு வருபவர், கதவும் கூரையும் இல்லாமல், கட்டிவைத்த ஒரு பலகை இருக்கையில், முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு, வெயிலிலும் மழையிலும் வருவார். நாமக்கல்லிலும் திருச்செங்கோட்டிலும் உள்ள பாடி கட்டும் பட்டறைகளில்தான் அதற்குக் கேபினும் பாடியும் அமையும்.

அந்தப் பட்டறைக் கேபின்களைப் பற்றிப் பெரும்பாலான ஓட்டுநர்கள் குறை சொல்வதில்லை என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். மரத்தால் கட்டப்பட்டதால் வெயிலை ஓரளவு தாங்கும். ஓட்டுநரின் உயரத்துக்கு ஏற்பப் படுக்கை, சாமான் வைக்க மேல் தட்டு, சாமிப் படத்துக்கு மாடம், அடுப்புக்கு இடம் என்று கேட்டதைக் கேட்டபடி செய்துகொடுப்பார்கள். பிறகு தொழிற்சாலையிலேயே இரும்புக் கேபின் கட்டி வந்த வண்டிகள் பரவியபோது, அவற்றில் முதன்முதலாக ஏறிய ஓட்டுநர்கள் கடுமையாக ஏமாந்தார்கள். படுக்கை ஒரு முழம் குறுகியிருந்தது, கூரைத் தகடு உச்சி வெயிலில் பழுத்தது, சாமான் வைக்க இடம் இல்லை. விபத்தில் மோதினால் மரக் கேபின் நொறுங்கி ஆளைக் காப்பாற்றாது என்பதும், இரும்புக் கேபினில் பிழைக்க வழி உண்டு என்பதும் உண்மை. அந்த நன்மை விபத்து நடக்கும் ஒரு நாளில் தெரியும். மற்ற எல்லா நாளும் தெரிவது வெப்பம்தான். ஓட்டுநரின் பாதுகாப்புக்காகச் செய்த மாற்றத்தில் அவர் தூங்கும் இடத்தைக் குறைத்தவர்கள், அவரைக் கேட்டிருந்தால் இரண்டையும் செய்திருக்கலாம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கேபின் வெப்பம் அவ்வளவு மோசமானதா? காற்று வராதா?

இன்ஜின் ஓட்டுநருக்கு இடப்பக்கத்தில், பானட்டுக்கு (இன்ஜின் மூடிக்கு) அடியில், கேபினுக்குள்ளேயே இருந்த வண்டிகளில் இடது காலின் முழங்காலுக்குக் கீழே தோல் காய்ந்து கறுத்துப்போனவர்களைப் பார்த்திருக்கிறேன். பானட்டின் ஓரத்து ரப்பர் பட்டை சில மாதங்களில் வெந்து சுருங்கிவிடும். அந்த இடுக்கு வழியாகவும், கிளட்ச், பிரேக் பெடல்கள் இறங்கும் ஓட்டைகள் வழியாகவும் அனலும் டீசல் நாற்றமும் மேலே வரும். கோணிச் சாக்கை நனைத்துப் பானட்டின் மேல் போடுவது எல்லோரும் செய்த வைத்தியம். சித்திரை வெயிலில் விஜயவாடாவிலிருந்து நாக்பூர் வரையிலான பாதையில் ஜன்னலைத் திறந்தால் அனல் காற்று முகத்தில் அறையும், மூடினால் இன்ஜின் சூடு கொல்லும். இரவில் நிறுத்தித் தூங்கலாம் என்றால் இன்ஜின் ஆறவே பல மணி நேரம் ஆகும். அதுவரை கேபினுக்குள் படுக்க முடியாமல் வண்டிக்கு அடியிலும் லோடு மேல் தார்ப்பாயிலும் படுத்தவர்கள் எத்தனையோ பேர்.

இப்போதுதான் ஏ.சி. கட்டாயமாகிவிட்டதே?

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2023 டிசம்பரில் வெளியிட்ட அறிவிக்கை, 2025 அக்டோபர் 1 முதல் தயாரிக்கப்படும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினில் ஏ.சி. இருக்க வேண்டும் என்று சொல்கிறது. மூன்றரை டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வண்டிகள் இதில் அடங்கும். மிகவும் தாமதமாக வந்த நல்ல விதி இது. ஆனால் அந்தத் தேதிக்கு முன் தயாரான லட்சக்கணக்கான வண்டிகள் இன்னும் பல ஆண்டுகள் சாலையில் இருக்கும், அவற்றில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இந்த விதியால் எதுவும் மாறாது.

ஏ.சி. இருந்தும் ஏமாந்தவர்கள் இருக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். மைலேஜ் குறைகிறது என்று ஏ.சி.யைப் போடக் கூடாதெனச் சொல்லும் ஓனர்கள் உண்டு. சிலர் பெல்ட்டையே கழற்றி வைத்துவிடுகிறார்கள். அப்படிப்பட்ட வண்டியில் நிலைமை முன்பைவிட மோசமாகிறது. ஏ.சி.யை நம்பி வடிவமைத்த கேபினில் ஜன்னல் சிறியதாகவும், கூரைக் காற்றுத்திறப்பு இல்லாமலும் இருக்கும்.

பிரேக் விஷயத்தில் ஓட்டுநர்கள் சொல்லும் ஏமாற்றம் என்ன?

மற்ற குறைகள் உடலை வருத்தும். இது உயிரை எடுக்கும். தர்மபுரியிலிருந்து சேலம் வரும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் தொப்பூர் கணவாய் இறக்கத்தை அறியாத லாரி ஓட்டுநர் தென்னிந்தியாவில் இருக்க மாட்டார். அங்கே நடந்த விபத்துகளில் பிரேக் பிடிக்கவில்லை என்று ஓட்டுநர் சொன்னால், நியூட்ரலில் இறங்கியிருப்பார் என்று உடனே சொல்லிவிடுகிறார்கள். பல விபத்துகளில் அது உண்மையாகவும் இருக்கிறது. ஆனால் அவர் ஏன் நியூட்ரல் போட்டார் என்று கேட்பவர்கள் குறைவு. மைலேஜ் குறைந்தால் படிக் காசில் பிடித்துக்கொள்ளும் ஓனரிடம் வேலை பார்ப்பவர், இறக்கத்தில் மிச்சமாகும் டீசலைத்தான் அங்கே கணக்குப் பார்க்கிறார்.

நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சக்கரத்தோடு சுற்றும் இரும்பு டிரம் சூடேறி விரியும். டிரம்மை உள்ளிருந்து அழுத்தும் ஷூவின் லைனிங்கும் சூட்டில் பிடிமானத்தை இழக்கும். அப்போது பெடலை எவ்வளவு மிதித்தாலும் ஷூ டிரம்மை முழுமையாகப் பற்றாது. கியரில் இருந்தால் இன்ஜினே வண்டியைப் பின்னுக்கு இழுத்துப் பிடிக்கும், பிரேக்குக்கு வேலை குறையும். நியூட்ரலில் அந்த உதவி போய்விடும். அதோடு இன்ஜின் மெதுவாகச் சுற்றுவதால் பிரேக்குக்கு அழுத்தக் காற்று தரும் ஏர் கம்ப்ரசரும் மெதுவாகவே சுற்றும். அடுத்தடுத்து மிதிக்கும்போது செலவாகும் காற்றை அதனால் அதே வேகத்தில் நிரப்ப முடியாது. மீட்டரில் முள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே வளைவை நெருங்குவது என்ன உணர்வு என்பது அதை அனுபவித்தவருக்கு மட்டுமே தெரியும்.

வண்டியின் மேல் ஓட்டுநர்கள் வைக்கும் குற்றச்சாட்டு வேறு. லோடு ஏற்றும் அளவு கூடிக்கொண்டே போன காலத்தில், எக்ஸாஸ்ட் பிரேக் (புகைக்குழாயை அடைத்து, இன்ஜினாலேயே வண்டியை இழுத்துப் பிடிக்கும் அமைப்பு) இல்லாமலும், இருந்தாலும் வேலை செய்யாமலும் பல வண்டிகள் ஓடின. நான் ஓட்டிய ஒரு பத்து சக்கர வண்டியில் எக்ஸாஸ்ட் பிரேக்குக்கான ஸ்விட்ச் டேஷ்போர்டில் இருந்தது. அதை அழுத்தினால் விளக்கும் எரிந்தது. அடியில் வால்வு துருப்பிடித்து இறுகிப்போயிருந்ததால் அதனால் எந்தப் பயனும் இல்லை. ஓனரிடம் பலமுறை சொல்லியும், வண்டி ஓடுகிறதல்லவா என்பதுதான் பதிலாகக் கிடைத்தது. எனக்கு மிகப் பெரிய ஏமாற்றம் தந்த வண்டி எது என்று கேட்டால், இழுவையிலும் மைலேஜிலும் நல்ல பெயர் எடுத்த அந்த வண்டியைத்தான் சொல்வேன்.

புதிய பி.எஸ். 6 வண்டிகள் பழையவற்றைவிடச் சிறந்தவைதானே? அவற்றையும் ஏன் குறை சொல்கிறார்கள்?

ஓட்டும் சுகத்தில் அவை சிறந்தவை என்பதில் கருத்து வேறுபாடே இல்லை. இழுவை நன்றாக இருக்கிறது, கேபின் அமைதியாக இருக்கிறது, கரும்புகை இல்லை. லோடு இறக்கும் இடங்களில் வரிசையாக நின்ற பழைய வண்டிகளின் புகையை ஆண்டுக்கணக்கில் சுவாசித்த எங்களுக்கு இது சிறிய நன்மை அல்ல. நாடு முழுவதும் 2017 ஏப்ரலில் பி.எஸ். 4 வந்தது, பி.எஸ். 5ஐத் தாண்டி 2020 ஏப்ரலில் நேராக பி.எஸ். 6க்குப் போனோம். டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைந்தது. புகைக்குழாயில் கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டியும், யூரியாக் கரைசலைப் பீய்ச்சி நச்சு வாயுவைக் குறைக்கும் அமைப்பும் பெரிய வண்டிகளில் பொதுவாகிவிட்டன.

ஏமாற்றம் தொடங்குவது இந்த அமைப்புகளில் விளக்கு எரியும்போதுதான். வடிகட்டியில் கரி சேர்ந்துவிட்டால் அதை எரித்துச் சுத்தம் செய்ய வேண்டும். நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் ஓடினால், புகைக்குழாய் போதிய அளவு சூடேறி, தானாகவே அது நடந்துவிடும். ஊருக்குள் நின்று நின்று ஓடும் வண்டியிலும், லோடிங் வரிசையில் மணிக்கணக்கில் இன்ஜினை ஓடவிட்டு நிற்கும் வண்டியிலும் அந்தச் சூடு வராது. அப்போது வண்டியை ஓரமாக நிறுத்தி, ஸ்விட்சை அழுத்தி, இன்ஜினை உயர் வேகத்தில் அரை மணி நேரமோ அதற்கு மேலோ ஓடவிட்டுக் காத்திருக்க வேண்டும். புகைக்குழாயின் உள்ளே 600 டிகிரி வரை சூடு ஏறும். அடியில் காய்ந்த புல்லோ வைக்கோலோ இருந்தால் தீப்பிடிக்கும்.

சேலத்திலிருந்து ஜவ்வரிசி ஏற்றிக்கொண்டு புனே போன இளம் ஓட்டுநர் ஒருவர் சொன்னது இது. சோலாப்பூருக்கு முன்பு நள்ளிரவில் மஞ்சள் விளக்கு எரிந்தது. காலையில் லோடு இறக்க வேண்டும் என்பதால் அவர் நிறுத்தவில்லை. சற்று நேரத்தில் விளக்கு மின்னத் தொடங்கியது, பிறகு ஆக்ஸிலரேட்டரை எவ்வளவு மிதித்தாலும் வண்டி ஊர்ந்துதான் போனது. சாலையோர மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, லேப்டாப் இல்லாமல் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று கைவிரித்தார். இன்ஜினில் எந்தக் கோளாறும் இல்லை, இழுக்கும் வலு முழுக்க இருந்தது, ஆனால் கம்ப்யூட்டர் அதைத் தர மறுத்தது. பழைய வண்டி என்றால் எதையாவது கட்டி, எதையாவது அடைத்து ஊர் போய்ச் சேர்ந்திருக்கலாம் என்ற ஆற்றாமையே அவர் பேச்சு முழுக்க இருந்தது. வண்டி வாங்கிய இடத்தில் அந்த விளக்குக்கு என்ன பொருள் என்று அவருக்கு யாருமே சொல்லிக்கொடுக்கவில்லை. கையேடு ஓனர் வீட்டு அலமாரியில் இருந்தது.

யூரியாவால் வரும் பிரச்சினை என்ன?

எங்கள் பேச்சில் யூரியா என்பது 32.5 சதவீத யூரியாவைச் சுத்தமான நீரில் கரைத்த டெஃப் திரவம். டீசல் செலவில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பங்கு அளவுக்கு இது செலவாகும். தீர்ந்துவிட்டால் அல்லது தரம் சரியில்லை என்று சென்சார் கண்டுபிடித்தால், முதலில் எச்சரிக்கை விளக்கு எரியும், பிறகு இன்ஜினின் வலு படிப்படியாகக் குறைக்கப்படும். விலை குறைவு என்று தரமற்ற கேன்களை வாங்கினாலும், வயலுக்குப் போடும் யூரியாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினாலும், உப்புப் படிந்து பீய்ச்சும் முனை அடைத்துக்கொள்ளும். பின்னால் இருக்கும் விலையுயர்ந்த பாகமும் கெட்டுப்போகும். கேனை வாங்கிக் கொடுப்பது ஓனர், பாதி வழியில் நிற்பது ஓட்டுநர்.

சென்சார்களும் அவற்றின் ஒயர்களும் இன்னொரு தலைவலி. தானியக் குடோன்களில் லோடு ஏற்ற நிற்கும் வண்டியில் எலி புகுந்து ஒயரைக் கடித்துவிட்டால், எந்த ஒயர் என்று கண்டுபிடிக்கவே ஒரு நாள் போய்விடும்.

வெளிநாட்டு வண்டிகளை ஓட்டியவர்கள் திருப்தியாக இருந்தார்களா?

ஓட்டிய காலத்தில் இருந்தார்கள். கேபின், இருக்கை, பிரேக் என்று எல்லாவற்றிலும் அவை வேறு உலகம். பிரச்சினை சர்வீசில் இருந்தது. மத்தியப் பிரதேசத்தின் பீதம்பூரில் தொழிற்சாலை வைத்திருந்த ஜெர்மனியின் மான் நிறுவனம் 2018இல் இந்திய லாரிச் சந்தையிலிருந்து விலகியது. ஒரு நிறுவனம் கடையைக் கட்டினால், உதிரிபாகத்துக்காக வண்டி வாரக்கணக்கில் பட்டறையில் நிற்கும். வண்டி நிற்கும் நாளுக்கு ஓட்டுநருக்குப் படி கிடையாது. அதனால்தான், எந்த ஊரிலும் எந்தக் கடையிலும் பாகம் கிடைக்கும் சுமாரான வண்டியே மேல் என்று பலரும் சொல்கிறார்கள். அதை அறியாமை என்று நினைக்கக் கூடாது.

வேகக் கட்டுப்பாட்டுக் கருவி பற்றி?

மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் போக விடாத கருவி 2015க்குப் பிறகு வந்த வண்டிகளில் இருக்கிறது. முந்தும்போது பாதியில் வலு நின்றுவிடுகிறது என்று சிலர் குறை சொல்கிறார்கள். அந்த இடத்தில் முந்தியிருக்கவே கூடாது என்பது என் கருத்து.

பராமரிப்பும் ஓவர்லோடும் ஓட்டுநர் தரப்புத் தவறுகள்தானே?

சில வேளைகளில் ஆம். காலையில் ஏர் டேங்கில் தேங்கிய தண்ணீரைத் திறந்துவிடாதவர், கிளட்ச் பெடல் மேல் காலை வைத்துக்கொண்டே ஓட்டுபவர், ரேடியேட்டரைப் பார்க்காமல் கிளம்புபவர் எல்லோரும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் கையில் எந்த வண்டியும் கெட்ட பெயர் வாங்கும். ஓவர்லோடு வேறு விஷயம். எவ்வளவு ஏற்றுவது என்பதை ஓட்டுநர் தீர்மானிப்பதில்லை. ஏற்ற மறுத்தால் சாவியை வாங்கி இன்னொருவரிடம் கொடுத்துவிடுவார்கள். ஸ்பிரிங் பட்டை முறிவது, டயர் வெடிப்பது, ஆக்ஸில் உடைவது ஆகியவற்றில் பெரும்பாலானவை அந்தக் கூடுதல் எடையால் வருபவை. பழி மட்டும் வண்டி மீதும் ஓட்டுநர் மீதும் விழுகிறது.

ஓட்டுநரைக் கேட்டு வண்டி வாங்கும் ஓனர்கள் உண்டா?

உண்டு. எங்கள் வட்டாரத்தில் ஓட்டுநராகவோ கிளீனராகவோ தொழிலைத் தொடங்கி, ஒரு வண்டி வாங்கி, பிறகு பல வண்டிகளுக்கு ஓனரானவர்கள் நிறையப் பேர். அவர்களில் பலர் ஷோரூமுக்குப் போகும்போது ஓட்டப் போகிறவரையும் கூட்டிக்கொண்டு போவார்கள். இருக்கையில் உட்காரவைத்து, கிளட்ச் முழுவதும் இறங்கும்வரை கால் எட்டுகிறதா, கண்ணாடியில் பின் சக்கரம் தெரிகிறதா, படுக்கையில் காலை நீட்ட முடிகிறதா என்று பார்க்கச் சொல்வார்கள். அப்படிப்பட்டவர்களிடம் ஓட்டுநர்கள் எளிதில் வேலையை விட்டுப் போவதில்லை.

ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் வண்டியின் சாவியை வாங்குமுன் எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் ஏர் நிரம்பியதும் இன்ஜினை அணைத்துவிட்டு, மீட்டர் முள் எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று பாருங்கள். பிரேக்கை மிதித்துப் பிடித்தபடியும் ஒருமுறை பாருங்கள். சீறும் சத்தம் கேட்டால் எங்கிருந்து வருகிறது என்று கீழே இறங்கித் தேடுங்கள். எக்ஸாஸ்ட் பிரேக்கை ஸ்விட்ச் விளக்கை வைத்து முடிவு செய்யாமல், ஆளில்லாத சாலையில் கியரில் ஓடும்போது போட்டு, வண்டி இழுத்துப் பிடிக்கிறதா என்று பாருங்கள். பானட் ஓரத்து ரப்பரையும் பெடல் ஓட்டைகளின் மூடியையும் கையால் தடவிப் பார்த்து, இல்லையென்றால் கிளம்புமுன்பே போட்டுத்தரக் கேளுங்கள். கிளம்பிய பிறகு யாரும் போட்டுத்தர மாட்டார்கள். பி.எஸ். 6 வண்டி என்றால் சாவியைத் திருப்பியதும் எல்லா எச்சரிக்கை விளக்குகளும் ஒருமுறை எரிந்து அணைகின்றனவா என்று கவனியுங்கள். எரியவே எரியாத விளக்கு இருந்தால் யாரோ அதன் இணைப்பைப் பிடுங்கியிருக்கலாம். கரி வடிகட்டியைச் சுத்தம் செய்யும் ஸ்விட்ச் எங்கே இருக்கிறது, எத்தனை நிமிடம் ஆகும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கையேட்டை வீட்டில் வைக்காமல் வண்டியில் வைக்கச் சொல்லுங்கள். இறக்கத்தில் கியரில்தான் வருவேன், அதனால் மைலேஜ் இவ்வளவுதான் கிடைக்கும் என்பதை லோடு ஏற்றுமுன்பே ஓனரிடம் நேராகச் சொல்லிவிடுங்கள்.